கையால் கற்கும் கல்வி யாருக்கு? ஹந்தெஸ்ஸ தரும் பாடம்

கல்விச் சீர்திருத்தம் என்ற சொல் மீண்டும் நாட்டின் பேசுபொருளாகியிருக்கிறது. 2025இல் அரசாங்கம் அறிவித்த புதிய திட்டம் 2026இல் முதலாம் தரத்திலும் ஆறாம் தரத்திலும் தொடங்குவதாக இருந்தது. ஆறாம் தரத்துக்கான ஆங்கிலப் பாடத்தொகுதி ஒன்றைச் சுற்றி எழுந்த சர்ச்சையையடுத்து அத்தரத்துக்கான பகுதி 2027க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அரசியல் மேடைகளும் ஊடகங்களும் அந்தச் சர்ச்சையிலேயே தமது முழு நேரத்தையும் செலவிட்டன. முதலாம் தரத்தில் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு என்ன நேரப்போகிறது என்பது பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலரே. விளையாட்டும் செயற்பாடும் பிள்ளையின் சொந்த ஆர்வமுமே இனிக் கற்றலின் அடிப்படை என்று கூறப்படுகிறது. கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் இதே வாக்குறுதி இந்நாட்டில் முதற்தடவையாக வழங்கப்படும் ஒன்றல்ல என்பதைக் கண்டி மாவட்டத்தில் வாழும் நாம் மற்றெவரையும் விட நன்கு அறிந்திருக்க வேண்டும்.

ஏனெனில் இப்பரிசோதனையின் முதலாவது பெரிய களம் நமது அயலிலேயே உள்ளது. பேராதனைக்கு அப்பால், உடுநுவரப் பகுதியில், தவுலகலைப் பக்கமாக அமைந்துள்ள சிறு கிராமம் ஹந்தெஸ்ஸ. சிங்களவரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் பிரதேசம் அது. அம்பக்கே தேவாலயத்தின் மரச் செதுக்கல்களைப் பார்க்கச் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் இப்பகுதியைக் கடந்தே செல்கின்றனர். 1930களின் தொடக்கத்தில், அரசாங்க சபையின் கல்வி அமைச்சராகச் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா பதவி வகித்த காலத்தில், இங்கிருந்துதான் ஹந்தெஸ்ஸக் கிராமியக் கல்வித் திட்டம் உருவெடுத்தது. காந்தியடிகளின் வார்தாக் கல்வி மாநாடு நடந்தது 1937இல். அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, கிராமத்துப் பிள்ளை தன் கையாலும் தன் சூழலாலும் கற்க வேண்டும் என்ற எண்ணம் கண்டி மலைச்சாரலில் செயல்வடிவம் பெற்றுவிட்டது. நமது கல்வி வரலாற்று நூல்கள் இதற்குச் சில வரிகளுக்கு மேல் ஒதுக்குவதில்லை என்பது வருந்தத்தக்கது.

திட்டத்தின் சாரம் எளிமையானது. பாடங்களைத் தனித்தனிப் பெட்டிகளாக அடைத்துப் புகட்டுவதற்குப் பதிலாக, பிள்ளை வாழும் கிராமத்தின் சுகாதாரம், பயிர்ச்செய்கை, கைவினை, சமூக வாழ்வு ஆகியவற்றை மையமாகக் கொண்டு எழுத்தையும் எண்ணையும் கற்பிப்பது. பாடசாலைத் தோட்டத்தில் பாத்தி அளக்கும்போது கணிதம். கிணற்று நீரைப் பற்றி ஆராயும்போது விஞ்ஞானம். அதைப் பற்றி எழுதும்போது மொழி. தொடக்கத்தில் மிகச் சில பாடசாலைகளில் இருந்த இம்முறை அந்தத் தசாப்தத்தின் முடிவுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப் பாடசாலைகளுக்குப் பரவியது. பின்னர் 1940களில் மெல்ல மெல்ல மங்கி மறைந்தது.

ஏன் மறைந்தது? முறை தவறானது என்று எவரும் நிரூபித்ததால் அல்ல. பெற்றோர் அதனை விரும்பவில்லை. அக்காலத்தில் நாட்டில் இரண்டு வகைப் பாடசாலைகள் இருந்தன. கட்டணம் அறவிட்டு ஆங்கிலத்தில் கற்பித்த பாடசாலைகள் அரச உத்தியோகத்துக்கும் சட்டத்தரணித் தொழிலுக்கும் வைத்தியத்துக்கும் கதவைத் திறந்தன. சிங்களத்திலும் தமிழிலும் கற்பித்த இலவசப் பாடசாலைகள் அந்தக் கதவின் வாசல் வரைகூடக் கொண்டு செல்லவில்லை. கிராமியக் கல்வித் திட்டம் இரண்டாவது வகைக்கு மட்டுமே உரியதாக வந்தது. கண்டி நகரத்துக் கல்லூரிகளில் பயின்ற கனவான்களின் பிள்ளைகள் லத்தீன் இலக்கணம் கற்றுக்கொண்டிருக்க, உடுநுவரக் கமக்காரனின் பிள்ளை மட்டும் மண்வெட்டி பிடித்துக் கற்க வேண்டும் என்றால், அந்தத் தந்தை என்ன நினைத்திருப்பார்? என் பிள்ளையை என்னைப் போலவே சேற்றில் நிறுத்தப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார். அவர் கல்வியியல் அறியாதவராக இருக்கலாம். ஆனால் சமூகத்தின் ஏணி எங்கே சாத்தப்பட்டிருக்கிறது என்பதை நன்கு அறிந்தவர்.

இந்தச் சந்தேகம் நமக்கு மட்டும் உரியதன்று. 1953இல் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ராஜாஜி, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நாளின் ஒரு பகுதி பாடசாலையிலும் மறு பகுதி பெற்றோரின் தொழிலிலும் ஈடுபடும் திட்டமொன்றைக் கொண்டு வந்தார். பெரியார் அதனைக் குலக்கல்வி என்று பெயரிட்டுத் தாக்கினார். செருப்புத் தைப்பவன் மகன் செருப்புத் தைக்கவும் சிரைப்பவன் மகன் சிரைக்கவும் அரசாங்கமே சட்டம் போடுவதா என்ற கேள்விக்கு எவராலும் பதில் கூற முடியவில்லை. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். செயல்வழிக் கல்வியைப் பற்றிய எந்த நூலும் இந்த நிகழ்வை ஓர் அடிக்குறிப்பாகத் தள்ளிவிட முடியாது. கையால் கற்பது நல்லது. ஆனால் எந்தக் கையால், யாருடைய கையால் என்ற கேள்வி அதைவிட முக்கியமானது.

நமது நாட்டிலும் அது மறுமுறை நிகழ்ந்தது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்போது, கல்வி அமைச்சராகக் கலாநிதி பதியுதீன் மஹ்மூத் இருந்த வேளையில், ஆறாம் தரம் முதல் தொழில் முன்னிலைப் பாடங்கள் அறிமுகப்படுத்தப்பட்டன. மட்பாண்டம், நெசவு, மீன்பிடி, பயிர்ச்செய்கை என அந்தந்த ஊரின் தொழில்களைப் பிள்ளைகள் நேரில் சென்று படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இம்முறை நகரப் பாடசாலை, கிராமப் பாடசாலை என்ற வேறுபாடு வைக்கப்படவில்லை என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். அந்த வகையில் அது ஹந்தெஸ்ஸவைவிட நேர்மையான முயற்சி. ஆனால் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் இல்லை, பாடசாலைகளுக்கு உபகரணங்களும் இல்லை. 1977இல் ஆட்சி மாறியதும் அப்பாடங்களும் அவற்றோடு வந்த தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சையும் அகற்றப்பட்டன. ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு கல்வி முறையின் பிறப்பும் இறப்பும் நிகழ்ந்து முடிந்தன.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவது அவசியம். கையால் கற்பதும் பிள்ளையின் விருப்பத்தின் வழி கற்பதும் ஒன்றல்ல. பொதுவாக இரண்டையும் குழப்பியே பேசுகிறோம். கண்டிய இராச்சியத்தின் கைவினைஞர் மரபை 1908இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக ஆராய்ந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, சித்திர வேலையும் உலோக வேலையும் தந்தையிடமிருந்து மகனுக்குக் கடத்தப்பட்ட முறையை விளக்கியிருக்கிறார். அங்கே பிள்ளை கையால்தான் கற்றான். ஆனால் எதை வரைவது, எத்தனை முறை வரைவது என்பதைத் தீர்மானித்தவர் குரு. வளைகோட்டை மீண்டும் மீண்டும் வரைந்து கை படியும்வரை அடுத்த நிலைக்குச் செல்ல அனுமதியில்லை. ஹந்தெஸ்ஸவிலும் திட்டம் வகுத்தவர்கள் பெரியவர்களே. பிள்ளை எதைத் தெரிவு செய்கிறது என்பதைக் கேட்டு அதன் பின்னே ஆசிரியர் செல்லும் முறை இவற்றிலிருந்து வேறுபட்டது. அம்முறையை உலகறியச் செய்தவர் இத்தாலிய வைத்தியரான மரியா மொன்டிசோரி.

மொன்டிசோரி அம்மையாருக்கும் நமது பிரதேசத்துக்கும் உள்ள உறவைப் பலர் அறியார். 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தை அவர் தொடங்கினார். வேலைக்குச் சென்ற பெற்றோர் விட்டுச் சென்ற, மாடிப்படிகளில் திரிந்து சுவர்களைக் கீறிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்காகவே அது திறக்கப்பட்டது. 1939இல் பிரம்மஞான சங்கத்தின் அழைப்பில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர் மூண்டது, இத்தாலியர் என்பதால் பிரித்தானிய இந்தியாவில் அவர் எதிரி நாட்டுப் பிரஜையானார். அதனால் சில மாதப் பயணம் பல ஆண்டுகள் நீண்டது. கொடைக்கானல் மலையில் தங்கியிருந்து பிள்ளைகளுடன் பணியாற்றினார். இலங்கையரான லீனா விக்கிரமரத்ன அங்கு அவரோடு பணியாற்றியவர். 1944இல் அம்மையார் இலங்கைக்கும் வந்தார். அவரது முறையின் முக்கியமான பகுதிகள் தமிழ் மண்ணில், தமிழ்ப் பிள்ளைகளையும் அவதானித்து முதிர்ச்சி பெற்றவை என்று சொன்னால் அது மிகையாகாது.

அவருடைய வகுப்பறைக்கும் நமது வழமையான வகுப்பறைக்கும் உள்ள வேறுபாடு சுவரில் ஒட்டும் வண்ணப் படங்களில் இல்லை. நமது பாடசாலையில் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கிறது. கணக்கில் மூழ்கியிருக்கும் பிள்ளையும் கணக்கில் சலித்துப்போன பிள்ளையும் ஒரே நொடியில் புத்தகத்தை மூடி அடுத்த பாடத்தை எடுக்க வேண்டும். மொன்டிசோரி முறையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் இடையீடின்றிக் கிடைக்கிறது. பிள்ளை ஒரு வேலையைத் தானே தெரிந்து, பாயை விரித்து, முடித்து, எடுத்த இடத்தில் வைக்கிறது. நமது பாடசாலையில் பிழையைச் சுட்டிக்காட்டுபவர் ஆசிரியர். சிவப்புப் பேனா அவரது செங்கோல். அங்கே உபகரணமே பிழையைக் காட்டிவிடுகிறது. ஒரு சென்ரிமீற்றரிலிருந்து பத்துச் சென்ரிமீற்றர் வரையான பத்து மரக்கட்டைகளை அடுக்கும் பிள்ளை, ஒன்றை இடம் மாற்றி வைத்தால் கோபுரம் கோணலாவதைத் தானே காண்கிறது. எவரும் ஏசவேண்டியதில்லை, எவர் முன்னும் வெட்கப்படவேண்டியதுமில்லை. நமது வகுப்பில் ஒரே வயதினர் மட்டும் இருப்பர். அங்கே மூன்று வயது வித்தியாசமுள்ளவர்கள் ஒன்றாக இருப்பதால் மூத்த பிள்ளை இளையதற்குக் கற்றுக் கொடுக்கிறது. வீட்டில் அக்கா தம்பிக்குச் சொல்லிக் கொடுப்பது போல.

கரடுமுரடான தாளில் வெட்டிய எழுத்துகளின்மேல் பிள்ளை விரலால் தடவி எழுத்தை அறிவது மொன்டிசோரி முறையின் புகழ்பெற்ற அம்சம். இதனை ஏதோ மேல்நாட்டுப் புதுமை என்று வியப்பவர்கள் நமது ஏடு தொடக்கும் வழக்கத்தை மறந்துவிடுகிறார்கள். விஜயதசமியன்று அரிசியில் பிள்ளையின் விரல் பிடித்து அகரம் எழுதுவித்த சமூகம் இது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மணலில் எழுதியே எழுத்தைக் கற்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையிலிருந்த ஸ்கொட்லாந்துக்காரரான அன்ட்ரூ பெல் பாதிரியார், மணலில் எழுதுவதையும் மூத்த மாணவன் இளையோருக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் நம்மவரிடம் கண்டு, இங்கிலாந்துக்குக் கொண்டு சென்று மதராஸ் முறை என்ற பெயரில் பரப்பினார். ஆனால் அதே திண்ணைப் பள்ளியில் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனையும் இருந்தது. ஆகவே பழைமையைப் பொற்காலமாக்கிக் காட்டுவதில் நமக்கு உடன்பாடில்லை.

முஸ்லிம் வாசகர்களுக்கும் இவ்விடயம் அந்நியமானதன்று. இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் பிள்ளை வளர்ப்புப் பற்றிக் கூறுமிடத்தில், ஓதி முடிந்து வரும் பிள்ளையை நல்ல விளையாட்டுகளில் ஈடுபட அனுமதிக்க வேண்டும் என்கிறார். விளையாட்டைத் தடுத்து ஓயாது படிப்பில் வருத்தினால் அதன் உள்ளம் மரத்துப்போகும், கல்வியிலிருந்து தப்பும் தந்திரங்களையே அது தேடும் என்று எச்சரிக்கிறார். இப்னு கல்தூன் தமது முகத்திமாவில், கடுமையால் பிள்ளையிடம் சோம்பலும் பொய்யும் வஞ்சகமும் வளர்கின்றன என்று ஒரு சமூகவியலாளரின் கண்ணால் விளக்குகிறார். கண்டி மண்ணின் மைந்தர் அறிஞர் சித்தி லெப்பை 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையை இங்கிருந்து தொடங்கியபோதும், பெண்பிள்ளைகளுக்கெனக் கண்டியில் பாடசாலை அமைத்தபோதும், பிள்ளைகள் எளிதிற் கற்பதற்கேற்ற பாட நூல்களை எழுதியபோதும், அவரை வாட்டிய கவலை, பொருள் விளங்காமல் ஓதும் நிலையிலிருந்து தம் சமூகம் விடுபட வேண்டும் என்பதே. குர்ஆனை மனனம் செய்வது ஒரு மகத்தான பயிற்சி. அதனை எவரும் குறை கூறவில்லை. விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் அதே விதத்தில் மனனம் செய்விப்பதே கேள்விக்குரியது.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். இலங்கையில் மொன்டிசோரி என்ற சொல் ஒரு கல்வி முறையின் பெயராக இல்லாமல் முன்பள்ளியின் மறுபெயராக மாறிவிட்டது. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, அக்குறணை வரை வீதியோரமெங்கும் இப்பெயர்ப் பலகைகளைக் காணலாம். உள்ளே பார்த்தால், மூன்று வயதுப் பிள்ளை வரிசையில் அமர்ந்து புள்ளியிட்ட எழுத்துகளின்மேல் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கும். மாலையில் வீட்டுவேலை. ஆண்டிறுதியில் பட்டமளிப்பு அங்கியணிந்து புகைப்படம். அம்மையார் உயிரோடு வந்து பார்த்தால் தம் பெயரை அகற்றிவிடும்படி கேட்பார் என்பதில் ஐயமில்லை. இதில் முன்பள்ளி ஆசிரியைகளைக் குற்றம் கூறுவதற்கில்லை. மிகச் சொற்ப ஊதியத்துக்கு உழைக்கும் அவர்கள் பெற்றோர் கேட்பதையே கொடுக்கின்றனர். அரச பாடசாலை முதலாம் தரத்திலேயே தொடங்குவதால் அதற்கு முந்திய பருவம் பெரும்பாலும் தனியார் கையில் விடப்பட்டுள்ளது. உண்மையான மொன்டிசோரி உபகரணங்களும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் உள்ள இடங்களில் கட்டணம் சாதாரண குடும்பத்துக்கு எட்டாதது. சான் லொரென்சோவின் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பிறந்த கல்வி வசதி படைத்தோரின் வீட்டுப் பண்டமாகிவிட்டது. நமது வரலாற்றின் முரண் இதுதான்: பிள்ளையின் கையும் விருப்பமும் சார்ந்த கல்வி இங்கே ஒன்றில் ஏழைக்கு மட்டும் இரண்டாந்தரமாக வருகிறது, அல்லது செல்வந்தருக்கு மட்டும் ஆடம்பரமாக வருகிறது. இருவருக்கும் ஒரே வேளையில் ஒரே தரத்தில் நிலைத்ததில்லை.

அரச பாடசாலைகளில் இதற்கான முயற்சி இல்லாமலில்லை. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்து 1999இல் நாடளாவிய ரீதியில் நடைமுறைப்படுத்திய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் உண்மையிலேயே நல்ல திட்டம். வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை ஆகிய மூன்றையும் பிள்ளையின் வயதுக்கேற்ற விகிதத்தில் கலப்பது அதன் அடிப்படை. முதலிரு தரங்களில் விளையாட்டே மேலோங்கியிருக்கும். மேலே செல்லச் செல்ல எழுத்து வேலை கூடும். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடம் அப்போது வந்ததே. 2007இல் இடைநிலை வகுப்புகளுக்கும் ஈடுபடல், ஆராய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படிமுறை வந்தது. ஆனால் முதலாம் தரத்தில் விளையாடிய பிள்ளை நான்காம் தரத்தை அடைந்ததும் என்ன நடக்கிறது? ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை என்னும் மதில் எதிரே நிற்கிறது.

1940களில் திறமையுள்ள ஏழைப் பிள்ளையை மத்திய கல்லூரிகளுக்குக் கொண்டு செல்வதற்காகப் பிறந்த அப்பரீட்சைக்கு இப்போது ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள் தோற்றுகின்றனர். கண்டி நகரத்தின் பிரபல பாடசாலைகளுக்குள் நுழைவதற்கு இதுவே ஒரு வழி என்பதால், கம்பளையிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் சனி ஞாயிறுகளில் வான்களில் ஏற்றப்பட்டுப் பிள்ளைகள் பிரத்தியேக வகுப்புகளுக்கு வருகின்றனர். கடந்தகால வினாத்தாள், மாதிரி வினாத்தாள், அனுமான வினாத்தாள் என்று மூட்டை சுமக்கின்றனர். 2024ஆம் ஆண்டுப் பரீட்சையின் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியானமை உயர் நீதிமன்றம் வரை சென்றதை நாடே பார்த்தது. பத்து வயதுப் பிள்ளையின் பரீட்சைத் தாளைத் திருடி விற்கும் அளவுக்கு அதற்கு ஒரு சந்தை உருவாகிவிட்டதென்றால், எத்தகைய செயற்பாட்டுப் புத்தகத்தை அச்சிட்டு வழங்கினாலும் நான்காம் தர வகுப்பறையில் அது திறக்கப்படப்போவதில்லை. பெறுபேறு வெளியானதும் பாடசாலை மதிலில் பிள்ளைகளின் படங்களோடு பதாகை தொங்கும். தோல்வியுற்ற பிள்ளைகளும் அதே மதிலைக் கடந்துதான் பாடசாலைக்கு வரவேண்டும்.

பெற்றோரைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் நல்ல பாடசாலைகள் கைவிரலில் எண்ணத்தக்க அளவிலேயே இருக்கும்வரை, போட்டியில் இறங்காத தாய் தன் பிள்ளைக்குத் துரோகம் செய்வதாகவே உணர்வாள். ஹந்தெஸ்ஸத் தந்தையின் கவலை தொண்ணூறு ஆண்டுகளின் பின்னரும் அப்படியேதான் இருக்கிறது.

சரி, இம்முறையால் பிள்ளைகள் உண்மையில் கூடுதலாகக் கற்கின்றனரா? ஆய்வுகள் சொல்வதை இருபக்கமும் பார்ப்பது நேர்மை. அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் குலுக்கல் மூலம் பொது மொன்டிசோரிப் பாடசாலையில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டு ஏஞ்சலின் லிலார்ட் குழுவினர் 2006இல் சயன்ஸ் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதளவில் வாசிப்பிலும் கணிதத்திலும் பிறருடன் பழகுவதிலும் முன்னைய குழுவினர் மேம்பட்டிருந்தனர். பன்னிரண்டு வயதளவில் அந்த வேறுபாடு குறுகியிருந்தது. அதே 2006இல் கேர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும், புதிதாகக் கற்பவரை வழிகாட்டலின்றித் தானே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது பயனற்றது என வலுவான ஆதாரங்களுடன் வாதிட்டனர். இரண்டும் முரண்படுவதாக நாம் கருதவில்லை. மொன்டிசோரி வகுப்பில் ஒவ்வோர் உபகரணத்தையும் எப்படிப் பயன்படுத்துவது என்று ஆசிரியர் முதலில் துல்லியமாகச் செய்து காட்டுகிறார். பிள்ளைக்குரிய சுதந்திரம் அதன் பின்னரே. பிள்ளை மையக் கல்வி என்றால் ஆசிரியர் கைகட்டி நிற்பது என்று விளங்கிக்கொண்டு, செயலட்டையைக் கொடுத்துவிட்டுத் தினவரவுப் பதிவேட்டை நிரப்பும் வழக்கம் நமது பாடசாலைகளில் ஏற்பட்டதற்கு ஆசிரியர்களின் அசிரத்தையைவிட அரைகுறைப் பயிற்சியே காரணம். இரண்டு நாள் செயலமர்வில் ஒருவர் மொன்டிசோரி ஆவதில்லை.

மலையகத்துத் தோட்டப் பாடசாலைகளை இங்கே தனியாக நோக்க வேண்டும். இந்நாட்டின் முதலாவது வர்த்தகத் தேயிலைச் செய்கை 1867இல் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் தொடங்கிற்று. ஆனால் அத்தொழிலாளரின் பிள்ளைகள் கற்ற தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில்தான். 1980களில் சுவீடனின் சீடா உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. ஆசிரியர்கள் நியமனம் பெற்றனர். இன்றும் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பகுதிகளின் சிறிய பாடசாலைகளில் ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று தரங்களை ஒருங்கே கவனிக்கும் நிலை முற்றாக நீங்கவில்லை. மொன்டிசோரி திட்டமிட்டு உருவாக்கிய கலப்பு வயது வகுப்பை, ஆசிரியர் பற்றாக்குறை இங்கே தானாகவே உருவாக்கித் தந்திருக்கிறது. குறையாகப் பார்க்கும் இந்நிலையையே ஒரு முறையியலாக மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பாடசாலையை அண்டிய கிராமங்களில், 1980களின் பிற்பகுதி முதல் பத்மநாப ராவ், ரமா தம்பதியர் ஓராசிரியர் பாடசாலைகளுக்கென்றே ஒரு முறையை வகுத்தனர். பாடநூலைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, அவற்றை ஒரு கற்றல் ஏணியில் வரிசைப்படுத்தினர். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறும். தான் எந்தப் படியில் நிற்கிறது என்பதைத் தானே அறியும். நோயினாலோ அறுவடையினாலோ இரண்டு வாரம் வராத பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடரும். இம்முறையை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டு வந்தவர் இந்திய ஆட்சிப்பணி அதிகாரி எம்.பி. விஜயகுமார். கரும்பலகைகள் பிள்ளையின் உயரத்துக்கு இறங்கின. வாங்குகள் போய்ப் பாய்கள் வந்தன. சில ஆண்டுகளில் தமிழகம் முழுவதும் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் அது பரவிற்று. அங்கும் அது முழு வெற்றி என்று கூறுவதற்கில்லை. எங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் விளையாடுகிறது, தனியார் ஆங்கிலப் பள்ளியின் பிள்ளை எழுதுகிறது என்று பெற்றோர் முறையிட்டனர். பின்னாளில் அம்முறை பலவாறு மாற்றப்பட்டு, 2022 முதல் எண்ணும் எழுத்தும் என்ற வேறு திட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. ஆயினும் சேரிப் பிள்ளைகள் பயிலும் மாநகராட்சிப் பள்ளியிலும் விலையுயர்ந்த உபகரணமின்றி, வெறும் அட்டைகளால், பிள்ளையின் வேகத்துக்குக் கற்றலை ஒழுங்குபடுத்த முடியும் என்பதை அது காட்டிற்று. அந்த அட்டைகள் நமது மொழியிலேயே எழுதப்பட்டவை என்பது நமக்குள்ள தனிச் சலுகை.

புதிய சீர்திருத்தம் குறித்துத் தமிழ் பேசும் சமூகம் எழுப்ப வேண்டிய கேள்விகள் இதிலிருந்தே பிறக்கின்றன. ஆசிரியர் வழிகாட்டிகள் சிங்களத்தில் எழுதப்பட்டுத் தமிழில் அவசரமாகப் பெயர்க்கப்படுகின்றனவா, அல்லது தமிழ் எழுத்துகளின் தொகையையும் ஒலியமைப்பையும் அறிந்தவர்களால் ஆரம்பத்திலிருந்தே எழுதப்படுகின்றனவா? இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளைக் கொண்ட ஒரு மொழியின் தொடக்கக் கல்வியை இன்னொரு மொழியின் நிழலாக வகுக்க முடியாது. தோட்டங்களில் பிள்ளைக் காம்பராவிலிருந்து சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகப் பெயர் மாறியுள்ள இடங்களில் பணியாற்றும் பெண்களுக்கு, பால்மா கலக்குவதற்கும் தொட்டில் ஆட்டுவதற்கும் அப்பால், பிள்ளையின் கையில் என்ன கொடுப்பது என்ற பயிற்சி எப்போது கிடைக்கும்? நகரத்து முதலாம் தரத்தில் நாற்பது பிள்ளைகளும் மலைச்சரிவில் பத்துப் பிள்ளைகளுமாக இருக்கும்போது, இரண்டுக்கும் ஒரே நேரசூசி எவ்வாறு பொருந்தும்?

கண்டி மாவட்டத்தைப் போல இயற்கையே ஆய்வுகூடமாக அமைந்த இடம் நாட்டில் வேறில்லை எனலாம். 1821இல் நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியற் பூங்கா, நகரின் நடுவேயுள்ள உடவத்தைக்கலைக் காடு, மகாவலி, பிலிமத்தலாவையின் பித்தளை வேலைக்காரர். ஆனால் நமது பிள்ளைகள் அவற்றை ஆண்டுக்கொரு முறை பாடசாலைச் சுற்றுலாவில், கைகோத்து இருவர் இருவராக, பிஸ்கட் பொதியோடு, எதையும் தொடாதே என்ற எச்சரிக்கையோடு கடந்து செல்கின்றனர்.

இம்மாவட்டத்திலேயே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கல்வித்துறை இருக்கிறது. அயல் மாவட்டமான நுவரெலியாவில் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. தமிழகத்து அட்டைகளை ஆராய்ந்து, மலையகப் பேச்சு வழக்குக்கும் நமது பாடத்திட்டத்துக்கும் ஏற்றவாறு மாற்றி, தெல்தோட்டைப் பக்கத்தில் பத்துச் சிறிய பாடசாலைகளிலும், அக்குறணையிலோ மடவளையிலோ பத்துப் பெரிய பாடசாலைகளிலும் ஒரே காலத்தில் பரீட்சித்துப் பார்ப்பதற்குப் பெருந்தொகை நிதி தேவையில்லை. மாகாணக் கல்வித் திணைக்களத்தின் அனுமதியும், குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு அந்த ஆசிரியர்களை இடமாற்றம் செய்வதில்லை என்ற உறுதியுமே தேவை. பெரிய பாடசாலைகளைச் சேர்க்கும்படி கோருவதற்குக் காரணம் உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் என்று தொடங்கினால், மூன்றாவது ஹந்தெஸ்ஸவாகவே அது முடியும்.